மருந்து வெடியான வரலாறு

"நோயைத் தீர்க்காத மருந்து, ஆறெழுத்து." குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றில் வந்த இக்குறிப்பைக் காட்டி எம் மாணவர் ஒருவர் விடை கேட்டார். 'வெடிமருந்து' என்றோம். கட்டங்களை நிரப்பிய பின்னும் அவர் நகரவில்லை. "உயிரை வாங்கும் பொருளுக்கு மருந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள், ஹஜ்ரத்?" என்றார். ஒரு சொல்லின் வரலாற்றையே திறந்துவிட்ட கேள்வி அது.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய வெடிமருந்து. இதனை முதலில் அறிந்தவர்கள் சீனர்கள். நீண்ட ஆயுள் தரும் மருந்தைத் தேடிய அந்நாட்டு இரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கலந்து பார்த்தனர். அக்கலவை தீப்பற்றிக் கையையும் முகத்தையும் சுட்டதாக அவர்களுடைய பழைய நூலொன்று எச்சரிக்கிறது. 1044ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட சீனப் போர்நூலில் அதன் கலவை முறைகளே எழுதப்பட்டுவிட்டன. இன்றும் சீன மொழியில் அதன் பெயர் 'நெருப்பு மருந்து' என்பதுதான். தமிழும் அதே கருத்தையே சொல்கிறது.

இனி அரபு மொழிக்கு வருவோம். இன்று 'பாரூத்' என்றால் வெடிமருந்து. உருதுவிலும் அப்படியே. ஆனால் அச்சொல் முதலில் குறித்தது வெடியுப்பை மட்டுமே. அந்தலுஸின் மாலகா நகரில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துகளையும் உணவுகளையும் விவரித்த தம் பெருநூலில் பாரூத்தையும் சேர்த்துள்ளார். எகிப்தின் பழைய மருத்துவர்கள் அதனைத் 'தல்ஜுஸ் ஸீன்', அதாவது சீனத்துப் பனி, என்று அழைத்தனர் என்றும், மக்ரிபு நாட்டார் வழங்கும் பெயரே பாரூத் என்றும் அவர் குறிக்கிறார். ஆகவே போர்க்களத்தில் புகழ் பெறுமுன்னரே பாரூத் மருத்துவர் ஏட்டில் இடம்பெற்றுவிட்டது.

இங்கே நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. பழைய வரலாற்று ஏடுகளில் வரும் 'நஃப்த்' என்னும் சொல்லை அவர்கள் சான்றாகக் காட்டுவர். நஃப்த் என்பது மண்ணிலிருந்து ஊறும் எரியெண்ணெய். அப்பாஸியப் படையில் இருந்த 'நஃப்ஃபாத்தூன்' அந்த எண்ணெயைக் கொண்டு தீ வீசிய வீரர்கள். பிற்காலத்தில், மம்லூக்குகளின் ஆட்சியில்தான் அதே சொல் வெடிமருந்தையும் குறிக்கலாயிற்று. பிந்திய பொருளை முந்திய ஏட்டில் ஏற்றிப் படிப்பது கல்விக்கு அழகன்று.

உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 694 அளவில் (கி.பி. 1295) மறைந்த ஹஸனுர் ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய தம் நூலில், வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையைத் தெளிவாக எழுதிவைத்தார். உப்பை நீரில் கரைத்துக் காய்ச்சி, மரச்சாம்பலைச் சேர்த்தால் வேண்டாத சுண்ணச் சத்துகள் அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்து ஆறவிட்டால் தூய உப்பு பளிங்காக உறையும். ஈரத்தை உறிஞ்சும் அழுக்கு நீங்கினாலன்றி வெடிமருந்து நம்பத்தக்கதாகாது. இத்தனை அறிந்த அவரும் தம் கருவிகள் சிலவற்றுக்குச் 'சீன' என்ற அடைமொழியை மறைக்காமல் கொடுத்தார்.

நம் முன்னோர் பிறரிடம் பெற்றதைப் பெற்றதாகவே எழுதினர். தாம் கூட்டியதை அடக்கத்துடன் கூட்டினர். அவர்கள் ஒப்புக்கொண்ட கடனை நாம் மறுத்தால், அவர்களை உயர்த்தியவர்கள் ஆகமாட்டோம். அவர்களுடைய நேர்மையையே பொய்யாக்கியவர்கள் ஆவோம்.

மாணவரிடம் இதைச் சொன்னோம். "பெயரை வைத்தவர்கள் மருந்தைத்தான் தேடினார்கள், தம்பி, வெடியாக்கியது பிறகு வந்த கைகள்" என்றோம். சொல் மட்டும் அந்த முதல் எண்ணத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.