தாழியைத் தோண்டியவர் யார்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரத்தில், தாமிரபரணியின் தென்கரையிலே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு பரந்து கிடக்கிறது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட அவ்விடுகாட்டில் முதுமக்கள் தாழிகள் புதைந்துள்ளன. 1876இல் ஜெர்மானியராகிய யாகர் இங்கே அகழ்ந்தார். 1899க்கும் 1905க்கும் இடையே தொல்பொருள் துறையினராகிய அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு வாள்களும் வெளிவந்தன. ரீயின் பொருட்பட்டியல் 1915இல் ஆங்கிலத்தில் அச்சேறியது.

அக்காலத்து அகழாய்வு அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் அவற்றின் வினைமுற்றுகள் என் கருத்தைக் கவரும். 'தோண்டப்பட்டது', 'கண்டெடுக்கப்பட்டது', 'அனுப்பப்பட்டது' என்றே வாக்கியங்கள் முடியும். செயப்பாட்டுவினை என்று நாம் கூறும் இந்நடையை விலக்குக என்பார் ஆங்கில ஆசிரியர் பலர். நான் அவ்வாறு முற்றும் விலக்கமாட்டேன். 'தாழியினுள் வாள் காணப்பட்டது' என்னுமிடத்தில் நாம் அறிய விரும்புவது வாளையே, கண்டவரை அன்று. அங்கே பொருள் முன்னிற்பதே முறை.

ஆனால், 'பொருள்கள் பெர்லினுக்குக் கொண்டுசெல்லப்பட்டன' என்று எழுதினால் என் மனம் ஒப்புவதில்லை. கொண்டுசென்றவர் யாகர். பொறுப்பு உள்ள இடத்தில் எழுவாய் மறையலாகாது. அங்கே செய்வினையே வேண்டும்.

அப்படியாயின் செய்வினை எப்போதும் மெய் பேசுமோ? 'ரீ தாழிகளைத் தோண்டினார்' என்கிறோம். கடப்பாரை பிடித்த கைகள் அவருடையனவா? வெயிலில் நின்று, தாழியின் விளிம்பு சிதையாமல் மண்ணை விலக்கிய கூலியாட்களை அச்செய்வினையும் மறைத்துவிடுகிறதே!

இவ்விடத்தில் நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. 'அரசன் கோயில் கட்டினான்' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. கல்லைச் செதுக்கி அடுக்கிய சிற்பி இயற்றுதற் கருத்தா. இருவரையும் பிரித்தறியத் தமிழ்ப் பள்ளிச் சிறுவனும் பயின்றிருக்கிறான். ரீ தோண்டுவித்தார், தொழிலாளர் தோண்டினர். 'வி' என்னும் ஒரு விகுதி இருவர்க்கும் உரியதை அளித்துவிடுகிறது.

ஆகவே, ஆங்கிலம் எழுதும் இளைஞர்க்கு நான் சொல்வது இதுதான்: செய்வினையா, செயப்பாட்டுவினையா என்று வினவுமுன், செய்தவர் யார், செய்வித்தவர் யார் என்று வினவுங்கள். அதற்கு விடை கண்டபின் வாக்கியத்தை அமையுங்கள்.

2004ஆம் ஆண்டில் அந்தப் பரம்பில் மீண்டும் அகழாய்வு தொடங்கியது, 2021இலும் நடைபெற்றது. தாழியில் துயில்பவர் பெயரை நாம் அறியோம். அது காலத்தின் செயல். தாழியை எடுத்தவர் பெயரும் மறைந்தால், அது நம் எழுத்தின் குறையன்றோ?