ஃபைனல் கட் புரோ டென்: 2011 மறுவடிவமைப்பும் படத்தொகுப்பாளர்களின் மனக்கசப்பும்

ஃபைனல் கட் புரோ டென் என்பது ஆப்பிள் நிறுவனம் 2011 ஜூன் 21 அன்று வெளியிட்ட படத்தொகுப்பு மென்பொருள். பெயரின் கடைசியில் ஆங்கில எக்ஸ் எழுத்து நிற்கும். ஆப்பிள் அதை ரோமன் எண்ணாக எடுத்து 'டென்' என்று வாசித்தது. பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் 'எக்ஸ்' என்றே சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த ஃபைனல் கட் புரோவின் அடுத்த பதிப்பு என்ற பெயரில் வந்தாலும், இது அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்ட வேறொரு மென்பொருள். பழைய பதிப்பில் செய்த வேலைகளை இதில் திறக்க முடியாது. இது வந்த அன்றே பழையதன் விற்பனையும் நின்றது. அதுவரை ஆப்பிளின் மிக விசுவாசமான வாடிக்கையாளர்களாக இருந்த திரைப்பட, தொலைக்காட்சி எடிட்டர்கள் பகிரங்கமாகக் கோபப்பட்டார்கள். ஒரு பகுதியினர் போட்டி மென்பொருள்களுக்கு மாறிப்போனார்கள்.

முன்வரலாறு

ஃபைனல் கட் புரோவை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ராண்டி யூபிலோஸ். அடோபி பிரீமியரின் தொடக்கப் பதிப்புகளை எழுதியவரும் இவரே. பிறகு மேக்ரோமீடியா நிறுவனத்தில் இவர் தலைமையில் உருவாகிக்கொண்டிருந்த மென்பொருளை 1998இல் ஆப்பிள் வாங்கியது. 1999 ஏப்ரலில் ஃபைனல் கட் புரோ என்ற பெயரில் வெளியிட்டது. விலை 999 டாலர். அந்தக் காலத்தில் திரைத்துறையை ஆண்டுகொண்டிருந்த ஆவிட் கருவித்தொகுதிகளுக்குப் பல்லாயிரம் டாலர் கொடுக்க வேண்டும். சொந்தமாக எடிட் அறை வைக்க வசதியில்லாத எத்தனையோ பேருக்கு ஃபைனல் கட் ஒரு வாசலைத் திறந்தது. சென்னையிலும் இதற்கு 'எஃப்சிபி' என்றே பெயர்; படப்பிடிப்புத் தளத்திலேயே மடிக்கணினியில் காட்சியைக் கோத்துப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டிங்குக்கு அது கைகொடுத்தது.

பெரிய படங்களுக்கு இது தாங்குமா என்ற சந்தேகத்தைத் தீர்த்தவர் வால்டர் மர்ச். 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர். 2003இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' படத்தை அவர் ஃபைனல் கட்டில் தொகுத்தார். படத்தை வெட்டுவதில் அவருக்குப் பெரிய தடை இருக்கவில்லை. வெட்டியதை ஒலித்துறையிடம் ஒப்படைப்பதில்தான் இருந்தது. மாற்றங்களின் பட்டியலைச் சரியாக அனுப்பும் வழி அப்போது மென்பொருளில் முழுமையாக இல்லை. அவருடைய குழு அதற்காக மெனக்கெட வேண்டியிருந்தது. சார்லஸ் காப்பல்மன் 2005இல் எழுதிய 'பிஹைண்ட் தி சீன்' என்ற நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. அடுத்துவந்த பதிப்புகளில் அந்த ஓட்டை அடைபட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஓட்டை மறுபடியும் திறந்துகொண்டதுதான் 2011இன் கதையில் பாதி.

இதற்கிடையே கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) இதில் தொகுக்கப்பட்டது. டேவிட் ஃபின்ச்சரின் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்காக ஆங்கஸ் வால், கிர்க் பாக்ஸ்டர் இருவரும் 2011 பிப்ரவரியில் ஆஸ்கர் பெற்றார்கள். அதுவும் ஃபைனல் கட் வேலைதான். ஆனால் உள்ளே மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. 2009 ஜூலையில் வந்த ஏழாம் பதிப்பும் 32 பிட் கட்டமைப்பிலேயே இருந்தது. கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, புதிதாக எழுத வேண்டும் என்பதை எடிட்டர்களே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றத்தை விரும்பாத பழமைவாதிகள் என்று பின்னாளில் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழி இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மூவியோலாவில் ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டி, ஆவிட்டுக்கு வந்து, அங்கிருந்து ஃபைனல் கட்டுக்கு வந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள்.

அறிமுகம்

2011 ஏப்ரல் 12 அன்று லாஸ் வேகாஸில், ஒலிபரப்புத் துறையின் ஆண்டுக் கண்காட்சியை ஒட்டி நடந்த சூப்பர்மீட் என்ற எடிட்டர்கள் கூட்டத்தில் ஆப்பிள் புதிய பதிப்பைக் காட்டியது. முன்பே பேச ஒப்புக்கொண்டிருந்த மற்ற நிறுவனங்கள் ஆப்பிளுக்காக ஒதுங்க வேண்டியிருந்தது. யூபிலோஸே மேடையில் இயக்கிக் காட்டினார். 64 பிட் வேகம், பின்னணியிலேயே நடக்கும் ரெண்டரிங், 300 டாலருக்குள் விலை. அரங்கம் கைதட்டியது. எதெல்லாம் இருக்கிறது என்று காட்டப்பட்டதே தவிர, எதெல்லாம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பத்து வாரம் கழித்துத் தரவிறக்கிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

காந்த டைம்லைன்

புதிய மென்பொருளின் மையக் கருத்து 'மேக்னெடிக் டைம்லைன்'. இதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய டைம்லைனைப் பார்க்க வேண்டும். அது கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி. ஒவ்வொரு கோடும் ஒரு டிராக். முதல் இரண்டு ஒலி டிராக்கில் வசனம், அடுத்த இரண்டில் சத்தங்கள், அதற்கும் கீழே இசை என்று ஒவ்வோர் எடிட் அறையிலும் ஒரு வழக்கம் உண்டு. நடுவிலிருந்து ஒரு கிளிப்பைத் தூக்கினால் அந்த இடம் காலியாக நிற்கும், மற்றவை அசையாது. அந்தக் காலியிடம்கூட ஒரு செய்திதான். இங்கே ஒரு ஷாட் இன்னும் வர வேண்டும் என்று உதவி எடிட்டருக்கு அது சொல்லும்.

புதியது பூச்சரம் மாதிரி. ஒரு பூவை உருவினால் மற்றவை நெருங்கி இடைவெளியை மூடிக்கொள்ளும். நடுவில் முதன்மைச் சரம் ஒன்று ஓடும். மற்ற கிளிப்புகள் அதிலிருந்து மேலும் கீழும் தொங்கும். எண்ணிட்ட டிராக் என்று எதுவும் இல்லை. தற்செயலாக வசனம் தள்ளிப்போய் உதட்டசைவோடு பொருந்தாமல் போவது, ஒரு கிளிப் இன்னொன்றின்மேல் ஏறி அதை அழித்துவிடுவது போன்ற பழைய தொல்லைகள் இதில் இல்லை. தனியாக உட்கார்ந்து வேகமாகக் கோப்பவருக்கு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் 'இசையெல்லாம் கீழே இருக்கிறது' என்ற ஒற்றை நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்த வேலைமுறைகள் அன்றோடு நின்றன. கிளிப்புகளுக்கு 'வசனம்', 'இசை' என்று பெயர் ஒட்டும் 'ரோல்ஸ்' வசதி சில மாதங்களுக்குப் பிறகுதான் வந்தது.

சிறிய உரசல்களும் இருந்தன. 'சேவ்' கட்டளையே எடுக்கப்பட்டு எல்லாம் தானாகச் சேமிக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை அந்த விசையைத் தட்டியே பழகிய விரல்களுக்கு அது பிடிமானம் போன மாதிரி. கணினியில் உள்ள எல்லா வேலைகளும் ஒரே சமயத்தில் திரையில் தெரிந்தது இன்னும் சங்கடம். பின்னால் உட்கார்ந்து பார்க்கும் விளம்பரக் கம்பெனிக்காரர் தன் போட்டியாளரின் படத்தையும் பார்த்துவிடலாம். அதைத் தவிர்க்க எடிட்டர்கள் கோப்புறைகளைக் கையால் இடம் மாற்றி ஒளித்துவைத்தார்கள்.

அறுந்த சங்கிலி

இந்த உரசல்களையெல்லாம் பழக்கத்தால் கடந்திருக்கலாம். கடக்க முடியாதது வேறு. எடிட் முடிந்ததும் படம் முடிவதில்லை. அது கைமாறத் தொடங்குகிறது. எந்தச் சுருளில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை எடுக்கப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும் ஈ.டி.எல். பட்டியல், ஒலித் துண்டுகளை புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஓ.எம்.எஃப். கோப்பு, மற்ற மென்பொருள்களோடு பேசும் எக்ஸ்.எம்.எல். ஆகியவை இல்லாமல் ஒலிக்கலவைக்கும் நிறச்சீரமைப்புக்கும் எதையும் அனுப்ப முடியாது. வெளியான அன்று ஃபைனல் கட் டென்னில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பல கேமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் பார்த்து வெட்டும் மல்டிகேம் இல்லை. இசை நிகழ்ச்சி, அரட்டை நிகழ்ச்சி தொகுப்பவர்களுக்கு அது இல்லாமல் வேலை நகராது. தரமான ஒலிபரப்பு மானிட்டரில் படத்தைக் காட்டும் வழி இல்லை. முடித்த படத்தை டேப்பில் பதிந்து கொடுக்கும் வசதியும் முறையாக இல்லை. டேப் விஷயத்தில் ஆப்பிளின் கணிப்பு தவறு என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய சுனாமியில் செண்டாய் அருகே இருந்த சோனியின் தொழிற்சாலை முடங்கி, எச்டிகேம் எஸ்ஆர் டேப்புகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. துறையே கோப்புகளை நோக்கி வேகமாக நகர்ந்தது. ஆனால் டேப் செத்துக்கொண்டிருக்கிறது என்பது நாளைய செய்தி. வெள்ளிக்கிழமைக்குள் டேப்பில் கொடு என்று தொலைக்காட்சி நிலையம் கேட்பது இன்றைய வேலை.

கொதிப்பு

மேக் ஆப் ஸ்டோரில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. இணைய மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். கோனன் ஓ'பிரையனின் இரவு நிகழ்ச்சியில் அவருடைய எடிட்டர்களே தோன்றிப் புதிய மென்பொருளை வாய்நிறையப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுரைக் காட்சிகள் வேண்டுமென்றே தாறுமாறாகத் தொகுக்கப்பட்டிருந்தன. நியூயார்க் டைம்ஸின் தொழில்நுட்பப் பத்தியாளர் டேவிட் போக் முதலில் பாராட்டி எழுதினார்; பிறகு எடிட்டர்களின் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆப்பிளின் பதிலோடு இன்னொன்றும் எழுத வேண்டிவந்தது. 2011 அக்டோபரில் பாஸ்டனில் நடந்த எடிட்டர்கள் கூட்டத்தில் மர்ச்சும் தன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

'ஐமூவி புரோ' என்ற கேலிப்பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. 2007இல் வீட்டுப் பயனர்களுக்கான ஐமூவியையும் யூபிலோஸ் இதேபோல் தலைகீழாக மாற்றியிருந்தார். டைம்லைன் போனது, பழைய பயனர்கள் கொந்தளித்தார்கள், போக் அப்போதும் கண்டித்து எழுதினார். ஆனால் அன்று ஆப்பிள், பழைய ஐமூவியையும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள விட்டது. பிறந்தநாள் வீடியோ தொகுப்பவர்களுக்குக் காட்டிய அந்தக் கரிசனத்தைப் பிழைப்புக்காகத் தொகுப்பவர்களுக்குக் காட்டவில்லை என்பது விசித்திரம்தான். 2011இல் ஃபைனல் கட் ஸ்டூடியோ, ஃபைனல் கட் சர்வர், ஃபைனல் கட் எக்ஸ்பிரஸ் எல்லாம் ஒரே நாளில் கடையைவிட்டுப் போயின. கையில் இருந்த பழைய பதிப்பு ஓடியது, உண்மை. ஆனால் புதிதாக ஐந்து எடிட்டர்களை வேலைக்குச் சேர்க்கும் நிறுவனம் ஐந்து உரிமங்களுக்கு எங்கே போகும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஷேக் என்ற காட்சிக்கலவை மென்பொருளையும் ஆப்பிள் கைவிட்டிருந்தது. தொழில்முறையாளர்கள் தங்களுக்கு இனி வேண்டாதவர்கள் என்று நிறுவனம் முடிவெடுத்துவிட்டதோ என்ற அச்சம் அதிலிருந்து வந்தது. என் கணிப்பில், ஆறாத காயம் இதுவே. குறைகளைப் பட்டியல் போட்டுத் தீர்க்கலாம். கைவிடப்பட்டோம் என்ற எண்ணத்துக்கு அப்படிப் பட்டியல் கிடையாது.

ஆப்பிளின் எதிர்வினை

வழக்கமாக வாய்திறக்காத நிறுவனம் ஜூன் மாதம் முடிவதற்குள் கேள்வி-பதில் ஒன்றை வெளியிட்டது. சில வசதிகள் விரைவில் வரும். ஆனால் கட்டமைப்பே வேறு என்பதால் பழைய வேலைகளைத் திறக்கும் வசதி வராது என்றது. கேட்ட சிலருக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. பழைய பதிப்பின் உரிமங்களைத் தொலைபேசி வழியே கொஞ்ச காலம் விற்றார்கள். செப்டம்பரில் வந்த 10.0.1 பதிப்பில் எக்ஸ்.எம்.எல்., ரோல்ஸ் இரண்டும் வந்தன. 30 நாள் இலவசச் சோதனையும் கிடைத்தது. 2012 ஜனவரி இறுதியில் 10.0.3: 64 கோணங்கள்வரை தாங்கும் மல்டிகேம், மானிட்டர் வெளியீட்டின் சோதனை வடிவம். அதே ஆண்டு அக்டோபரில் இரட்டைப் பார்வைச் சாளரம் திரும்பியது. எல்லா வேலையும் எல்லோருக்கும் தெரியும் சங்கடத்துக்கு 2013 டிசம்பரில், 10.1 பதிப்பின் 'லைப்ரரி' அமைப்பு முடிவு கட்டியது. பழைய கோப்புகளைப் புதியதற்கு மாற்றும் 'செவன் டு எக்ஸ்' கருவியை ஒரு சிறு வெளி நிறுவனம் செய்து கொடுத்தது. முடியாது என்று ஆப்பிள் சொன்னது அப்படி முடிந்தது.

போனவர்களும் வந்தவர்களும்

அதற்குள் போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. அடோபி, ஃபைனல் கட் பயனர்களுக்குப் பாதி விலையில் பிரீமியர் புரோ தந்தது; ஆவிட்டும் சலுகை விலை அறிவித்தது. பிரீமியரின் டைம்லைன் பழைய ஃபைனல் கட்டை ஒத்திருந்ததால் இடம்பெயர்வது எளிதாக இருந்தது. பழைய ஃபைனல் கட்டில் தொகுத்த படங்களுக்காக அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய பாக்ஸ்டர், ஃபின்ச்சரின் 'கான் கேர்ள்' (2014) படத்தைப் பிரீமியரில் தொகுத்தார்.

டென் தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஹாலிவுட் படமான 'ஃபோகஸ்' (2015) அதில்தான் தொகுக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் 20 லட்சம் பயனர்களைத் தாண்டிவிட்டதாக ஆப்பிள் அறிவித்தது.  யூடியூப் தயாரிப்பாளர்கள், திருமண வீடியோக்காரர்கள், ஒற்றை ஆளாகப் படமெடுத்துத் தொகுப்பவர்கள் இதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். யூபிலோஸ் 2015இல் ஓய்வுபெற்றார். 2020 நவம்பரில் பெயரிலிருந்த எக்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. 2022இல் இந்தப் புதிய மென்பொருளையே நேசிக்கும் திரை, தொலைக்காட்சிக் கலைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பலர் சேர்ந்து ஒரே படத்தில் வேலை செய்யும் வசதி வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை.

பழைய ஏழாம் பதிப்பை விடாதவர்களும் இருந்தார்கள். 2017இல் வந்த மேக் இயங்குதளமான ஹை சியாராவில் அது ஓடாது. அதனால் சில எடிட் அறைகளில் பழைய கணினிகள் புதுப்பிக்கப்படாமலேயே காத்துவைக்கப்பட்டன. தென்கொரிய எடிட்டர் யாங் ஜின்-மோ, போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தைத் தொகுத்தது இந்த ஏழாம் பதிப்பில்தான். அடுத்த ஆண்டு அது சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மென்பொருள் கடையைவிட்டுப் போய் அப்போது எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.