கழுவிக் கவிழ்த்த கிளாஸ்

1994ஆம் வருசம் ஒரு பத்து நாள் நடிப்புப் பட்டறைக்குப் போனேன். மாஸ்கோவில் நாடகம் படித்துவிட்டு வந்த ஒருவர் நடத்தினார். அவர் பேரும் ஊர் பேரும் இங்கே வேண்டாம். இருபதுக்கு மேல் ஆட்கள் வந்திருந்தோம். சேரியிலிருந்து வந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது எனக்கு மூணாம் நாள்தான் தெரிந்தது. மத்தவங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருந்தது.

அந்த மூணாம் நாள் கொடுத்த பயிற்சி, கையில் ஒன்றும் இல்லாமல் டீ குடிப்பது. ரஷ்ய மரபில் நடிப்புப் படிக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே செய்கிற பயிற்சி. இல்லாத பொருளோடு வேலை செய்யணும். கிளாஸின் கனம், சூடு, விளிம்பு எல்லாம் விரலுக்குத் தெரியணும். அவசரப்பட்டால் பொய் வெளியே வந்துவிடும். ஒவ்வொருத்தராகக் குடித்தார்கள். ஊதிக் குடித்தார்கள், விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார்கள், முடித்ததும் மேஜையில் வைத்தார்கள். என் முறை வந்தது. நானும் குடித்தேன். குடித்து முடித்துக் குனிந்து கிளாஸைக் கழுவி, நாலடி தள்ளிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“ஏன் கழுவினீங்க?” என்று கேட்டார் ஆசிரியர்.

அவர் கேட்ட பிறகுதான் நான் கழுவினதே எனக்குத் தெரிந்தது. எங்க ஊர் டீக்கடையில் எங்கய்யா அப்படித்தான் குடிப்பார். எங்களுக்குன்னு தனி கிளாஸ். கடைக்கு வெளியே நின்னு குடிச்சுட்டு, நாமளே கழுவி, அதுக்குன்னு கிடக்கிற பலகையில் கவிழ்த்துட்டு வரணும். ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலுக்குப் போன பிறகு நான் அந்தக் கடையில் டீ குடித்ததே இல்லை. புத்தி மறந்துபோனதைக் கை வைத்திருந்தது.

ஆசிரியருக்குச் சந்தோசம் தாங்கல. இதுதான் மேடை உண்மை என்றார். பத்தாம் நாள் நடத்திக் காட்டிய நாடகத்தில் அதை ஒரு காட்சியாகவே சேர்த்தார். கழுவுகிற வேசத்தை மட்டும் ஊர்க்காரப் பையன் ஒருத்தனுக்குக் கொடுத்தார். அவனுக்கு முகம் நல்லா பேசும் என்று காரணம் சொன்னார். எப்படிக் குனியணும், தண்ணியை எங்கே ஊத்தணும், கண்ணை எங்கே வைக்கணும் என்று மூணு நாள் உட்கார்ந்து நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாடகத்தன்று பின்னால் மூட்டை சுமக்கிற கூட்டத்தில் நின்றேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் இந்த ரஷ்ய மரபு எங்கேயிருந்து வருது என்று தேட ஆரம்பித்தேன். சோவியத் வெளியீடுகள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடந்த காலம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் தன்வரலாறு ஆங்கிலத்தில் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவர் மாஸ்கோவில் ஜரிகை ஆலை வைத்திருந்த பணக்கார வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. 1863இல் பிறந்தவர். அவர் தன் ஆசான்களின் வரிசையில் மரியாதையோடு சொல்கிற ஒரு பேர் மிகயீல் ஷெப்கின். அதே 1863இல் செத்துப்போனவர். யார் இந்த ஆள் என்று தேடிப் போனால், பிறவிப் பண்ணையடிமை.

பட்டறையில் பத்து நாளும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பேர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஷெப்கின் பேரை ஒருதரம்கூட யாரும் சொல்லவில்லை.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1861இல். அதுவரைக்கும் நிலத்தோடு ஆளை விற்றார்கள், நிலமில்லாமல் ஆளை மட்டும் தனியாகவும் விற்றார்கள். பிரபுக்கள் தங்கள் மாளிகைகளில் அரங்கு கட்டி, அடிமைகளை ஆடவும் பாடவும் நடிக்கவும் பழக்கினார்கள். ஷெரெமேத்தெவ் பிரபுவின் அரங்கில் பாடிப் பேரெடுத்த பிரஸ்கோவியா ஒரு கொல்லர் மகள், 1768இல் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மாளிகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே நடிகைகளுக்கு ரத்தினங்களின் பேரை வைப்பது வழக்கம். இவருக்கு வைத்தது முத்து. 1801இல் பிரபு இவரை ரகசியமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். 1803இல் பிள்ளை பெற்ற மூணாம் வாரம் செத்துப்போனார். இதைப் பெரிய காதல் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேர்தான் உறுத்துகிறது. ஒருத்தர் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பொருளின் பேர் அது.

ஓர்யோல் நகரத்தில் கமேன்ஸ்கி பிரபு நடத்திய அரங்கு இன்னொரு மாதிரி. நாடகம் நடக்கும்போது அவர் முன்னால் ஒரு நோட்டு இருக்கும். எந்த நடிகர் எங்கே தப்பு விட்டார் என்று குறித்துக்கொள்வார். அவர் பின்னால் சுவரில் சாட்டைகள் தொங்கும். அங்கம் முடிந்து திரை விழுந்ததும் ஒரு சாட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அடிபடுகிறவர்கள் போடுகிற சத்தம் பார்வையாளர்களுக்குக் கேட்கும். அடுத்த அங்கத்தில் அதே நடிகர் சிரித்துக்கொண்டு வரணும்.

1806இல் மாஸ்கோ அரசு அரங்குக்காக ஸ்தலீப்பின் என்ற நிலவுடைமையாளரின் நடிகர் குழுவை அரசு விலைக்கு வாங்கியது. பேரம் பேசித்தான் வாங்கினார்கள். பிள்ளைகுட்டிகளோடு சேர்த்து 74 பேர், 32,000 ரூபிள்.

இந்த உலகத்தில்தான் ஷெப்கின் 1788இல் கூர்ஸ்க் மாகாணத்தில் பிறந்தார். அப்பா பண்ணையின் காரியஸ்தர், அவரும் அடிமைதான். 1805இல் கூர்ஸ்க் அரங்கில் ஒரு நடிகர் குடித்துவிட்டு வராமல் போக, அந்த இடத்தில் ஷெப்கினை ஏற்றினார்கள். அன்றைக்கு நடிப்பு என்றால் தன் குரலில் பேசக்கூடாது. கத்தணும், வார்த்தைக்கு வார்த்தை கையை வீசணும், மேடையை விட்டுப் போகும்போது வலது கையைத் தூக்கிக்கொண்டு போகணும். அதைத்தான் அவரும் கற்றுக்கொண்டு செய்தார்.

1810இல் ஒரு மாளிகையில் மெஷ்சேர்ஸ்கி என்ற இளவரசர் நடித்த நகைச்சுவை நாடகத்தைப் பார்க்கிறார். இளவரசர் கத்தவில்லை, கையை வீசவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார். இவருக்கு நடிக்கவே தெரியல என்றுதான் ஷெப்கினுக்கு முதலில் தோன்றியது. போகப்போக உடம்பெல்லாம் பிடித்து உலுக்கிய மாதிரி ஆகிவிட்டது. அதே வேசத்தைத் தானும் அப்படிச் செய்து பார்த்தார். வரவில்லை. எத்தனை முயற்சி பண்ணியும் ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாகப் பேச முடியவில்லை. பிறகு ஒருநாள் மோலியேர் நாடக ஒத்திகையில் களைத்துப்போய், ஏனோதானோ என்று நாலு வார்த்தை பேசும்போது தன் காதிலேயே அது விழுந்தது. அதுதான் சாதாரணப் பேச்சு.

இதை நடிப்புக்கலையின் கண்டுபிடிப்பு என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். இளவரசர் யார் முன்னால் பேசினாலும் தன் குரலில்தான் பேசியிருப்பார். அதற்கு அவருக்குப் பயிற்சி எதுக்கு? அடிமைக்குத் தன் குரல் என்று ஒன்று எங்கே இருந்தது? எஜமான் முன்னால் ஒரு குரல், காரியஸ்தன் முன்னால் ஒரு குரல், மேடையில் கத்துகிற குரல். எங்கய்யா தெருவில் பேசுகிற குரலும் டீக்கடை முன்னால் பேசுகிற குரலும் வேற வேற. ரெண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்பதால் ஷெப்கின் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. அவர் தேடினது உத்தி இல்லை.

1818இல் பொல்தாவாவில் அவரை மீட்பதற்காகவே ஒரு நாடகம் போட்டு வசூல் பண்ணினார்கள். ஊர்பட்ட கைதட்டல் வாங்கிய நடிகர், அப்பவும் அவருக்கு ஒரு விலை இருந்தது. முழு விடுதலை 1820களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதன் பிறகு மாஸ்கோவின் மாலி அரங்கில் சாகும்வரை நடித்தார். கமேன்ஸ்கி அரங்கின் ஒரு அடிமை நடிகை பட்ட பாட்டை அவர் சொல்லக் கேட்டு ஹெர்சன் எழுதிய கதை 1848இல் வெளிவந்தது. உக்ரைன் கவிஞர் ஷெவ்சென்கோவும் பண்ணையடிமைதான், 1838இல் 2,500 ரூபிள் கொடுத்து மீட்கப்பட்டவர். பத்து வருச நாடுகடத்தல் முடிந்து 1857 டிசம்பரில் அவர் நீஷ்னி நோவ்கொரதில் தங்கியிருந்தபோது, எழுபதை நெருங்கிய ஷெப்கின் பனிக்காலப் பாதையில் மாஸ்கோவிலிருந்து அவரைப் பார்க்கப் போனார். ரெண்டு பேரும் விலை போட்டு மீட்கப்பட்ட ஆட்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஷெப்கினிடம் கற்றவர் கிளிக்கேரியா ஃபெதோத்தவா. அவரிடம் கற்றவர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. அடிமையின் தேடல் ஆலை முதலாளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1902இல் மாஸ்கோ கலை அரங்கு கோர்க்கியின் ‘அதல பாதாளம்’ நாடகத்தை எடுத்தது. வீடில்லாதவர்கள், திருடர்கள், குடிகாரர்கள் தங்குகிற விடுதிக் கதை. நடிகர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியாது. அதனால் கில்யாரோவ்ஸ்கி என்ற பத்திரிகைக்காரரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஹித்ரோவ் சந்தை விடுதிக்கு ஒரு ராத்திரி போனார்கள். குடிக்கவும் தின்னவும் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர்கள் ஒரு பத்திரிகைப் படத்தைப் பெரிதாக மதித்து எடுத்துக் காட்டினார்கள். காட்சியமைப்பாளர் சீமோவ் அந்தப் படம் நல்லா இல்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பாட்டில், கட்டை, முக்காலி என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். கில்யாரோவ்ஸ்கி போட்ட பச்சை வசவில்தான் கூட்டம் நின்றது.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எத்தனை விவாதம் பண்ணியும் கிடைக்காதது அந்த ராத்திரி கிடைத்தது என்கிறார். கிடைத்திருக்கும், சந்தேகமில்லை. அந்த நேர்மைக்காக நான் அவரை மதிக்கிறேன். ஆனால் ஹித்ரோவ் சந்தை ஆட்களுக்கு என்ன கிடைத்தது? ஒருவேளைத் தீனி. நாடகம் பெரிய வெற்றி. மேடையில் அவர்கள் வாழ்க்கை ஏறியது, அவர்கள் ஏறவில்லை. பட்டறை ஆசிரியர் என் கிளாஸை எடுத்து இன்னொருத்தன் கையில் கொடுத்ததும் இந்த ராத்திரியின் பேரப்பிள்ளைதான்.

அதே மரபுக்குள் இன்னொரு வழியும் இருந்தது. ஜார் காலத்தில் யூதர்கள் நினைத்தபடி மாஸ்கோவில் குடியிருக்க முடியாது. 1891இல் ஆயிரக்கணக்கானவர்களை அங்கிருந்து விரட்டினார்கள். 1917 புரட்சியில்தான் அந்தத் தடைகள் ஒழிந்தன. அந்தச் சமயம் ஹபீமா என்ற யூத நாடகக் குழு மாஸ்கோவில் தொடங்கியது. பயிற்சி வேணும் என்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் போனார்கள். அவர் தன் மாணவர் வக்தாங்கோவை அனுப்பினார். வக்தாங்கோவ் ஆர்மீனியர், எபிரேய மொழி தெரியாதவர். புற்றுநோயோடு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, 1922 ஜனவரியில் ‘திப்புக்’ நாடகத்தை மேடையேற்றினார். நாலு மாதத்தில் செத்துப்போனார். அதில் பணக்காரக் கல்யாணத்தில் பிச்சைக்காரர்கள் ஆடுகிற ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கூனல், அந்தக் கை, அந்தப் பசி எல்லாம் நடிகர்கள் தங்கள் சனங்களிடம் பார்த்தது. வேடிக்கை பார்க்கப் போய் எடுத்துவந்ததில்லை.

பட்டறையின் ஏழாம் நாளைப் பற்றியும் சொல்லணும். உணர்ச்சி நினைவு என்று ஒரு பயிற்சி. வாழ்க்கையில் பட்ட ஒரு அவமானத்தை நினைத்து, அந்த உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரணும். மத்தவர்கள் கண்ணை மூடி யோசித்தார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. எடுத்தேன். திரும்பி வர முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. ஆசிரியர் எல்லாருக்கும் என்னை உதாரணம் காட்டினார்.

இந்தப் பயிற்சியை அமெரிக்காவில் லீ ஸ்திராஸ்பர்க் நடிப்புக்கே அடிப்படையாக வைத்திருந்தார். அதில் வதைபட்ட நடிகை ஸ்தெல்லா அட்லர் 1934இல் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் பார்த்துச் சில வாரம் பாடம் கேட்டார். உணர்ச்சியைப் பிடித்து இழுக்காதே, எந்தச் சூழ்நிலையில் என்ன செய்கிறாய் என்று பார் என்பதுதான் கிழவர் சொன்னதன் சாரம். எங்கே நிற்கிறாய், யார் பார்க்கிறார்கள், கையில் என்ன வேலை. கடைசிக் காலத்தில் அவர் வந்து நின்ற இடம் உடற்செயல். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. ஏழாம் நாள் நான் அழுதது பாடமே இல்லை. மூணாம் நாள் கிளாஸைக் கழுவினதுதான் பாடம். அதற்கு நான் யார் முன்னாலும் என் புண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எங்க தெருவில் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். அழச் சொல்வதில்லை. போன மாசம் இந்த டீ குடிக்கிற பயிற்சியைக் கொடுத்தேன். எட்டாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து நின்றாள். கையைத் தூக்கினாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள்.

“எந்தக் கடையில குடிக்கணும், மாமா?”