டெட்லைன்: ஓர் அறிவிப்புக்கு உரை

மூலம்: ‘வெள்ளிக்கிழமை மாலை 5 மணி டெட்லைன். தாண்டி வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா.’

டெட்லைன்: ‘டெட்’ இறந்த, ‘லைன்’ கோடு. இறந்தது கோடா? பண்புத்தொகையாக விரித்தால் அப்படித்தான் பொருள் வரும். நீரில் அசையாமல் கிடக்கும் தூண்டில் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் இருந்தது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சிறைகளில் இதே தொகை ‘சாவைத் தரும் கோடு’ என்று விரிந்தது. நம் இலக்கணம் இதை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்னும். கொடுமை முழுவதும் அந்தத் தொக்கி நின்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் 1864 பிப்ரவரியில் தென்மாநிலக் கூட்டமைப்பு ஒரு போர்க்கைதிச் சிறையைத் திறந்தது. மரச்சுவருக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளிக் குட்டைக் கம்பங்களை நட்டு, அவற்றின்மேல் மரச்சட்டம் அடித்தார்கள்; அதுதான் டெட்லைன். அதைத் தாண்டியவரைக் காவல் மேடையிலிருந்து சுட்டார்கள். அங்கே அடைபட்ட ஏறத்தாழ 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நோயும் பட்டினியும்தான். ஆனாலும் சிறைத் தலைவர் ஹென்றி விர்ஸ் மீதான குற்றச்சாட்டில் இந்தக் கோடும் இடம்பெற்றது. பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடு என்று அதில் சொல்லியிருந்தார்கள். சட்டமே இல்லாத இடத்தில், எங்கே நின்றால் உயிர் தப்பும் என்று கைதிக்கு எப்படித் தெரியும்? எல்லையைக் காட்டாமல் தண்டிப்பதைவிடப் பெரிய அநீதி எனக்குத் தெரியவில்லை. விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மாலை 5 மணி: இடத்தைக் குறித்த சொல் நேரத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில். எழுத்துக் கோத்த காலத்து அச்சகத்திலும் ஒரு டெட்லைன் இருந்தது: இயந்திரப் படுகையில் போட்டிருக்கும் எல்லைக்கோடு. அதற்கு அப்பால் கோத்த எழுத்து தாளில் பதியாது. கெடு கடந்து வந்த செய்திக்கும் அதே கதிதான்.

தாண்டி: இங்கே சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் டெட்லைனைத் ‘தவறவிடுவார்கள்’. ரயிலைத் தவறவிடுவதற்கும் அதே வினைதான். நாமோ ‘டெட்லைன் தாண்டிப்போச்சு’ என்கிறோம். ஆண்டர்சன்வில்லின் பெயரையே கேட்டிராதவர் வாயிலும், கோட்டுக்குரிய வினை சரியாக வந்து விழுகிறது.

ஏற்கப்படமாட்டா: தண்டனை இவ்வளவுதான். அதுவும் ஆளுக்கு இல்லை, தாளுக்கு.