நிலவகைப்பாடும் குடியிருப்புரிமையும்: திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் வேளாண் நிலம் மனையாகும் வரலாறு

முன்னுரை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியுமிடம் திண்டிவனம். இச்சாலைகளை ஒட்டி, மானாவாரி நிலக்கடலை விளைந்த புஞ்சைகள் பலவற்றில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. நகரமயமாதலின் அண்மைக்கால விளைவாகவே இது பெரிதும் விளக்கப்படுகிறது. ஆயினும், ஒரு நிலம் எப்பயனுக்குரியது, யாருக்குரியது என அரசு வகுப்பதும் அவ்வகுப்பை மாற்றுவதும் இப்பகுதியில் நூற்றாண்டு கடந்த வரலாறு உடையவை. அவ்வரலாற்றில் உழைப்பாளர் பெற்ற இடம் எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுசாகுபடிக்கான ஒப்படை

1993இல் பிரிக்கப்படும்வரை விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இரயத்துவாரி ஆட்சியில் நிலம் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு எனப் பகுக்கப்பட்டதன் முதன்மை நோக்கம் வரிவசூலே. அண்டை மாவட்டமான செங்கல்பட்டின் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, இப்பகுப்பில் மறைந்துகிடந்த சமூக உறவை வெளிக்கொணர்ந்தது. பண்ணையாட்களுக்கு விளைநிலம் மட்டுமன்று, குடிசை நின்ற மனையும் உரிமையாக இல்லை என்பதே அதன் சாரம். மனை பறிபோகும் என்ற அச்சமே கூலியைக் குறைவாக வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது.

இதன் தொடர்ச்சியாக, 1892 முதல் அரசுத் தரிசுகள் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படை செய்யப்பட்டன. சென்னை மாகாணம் முழுவதும் இவ்வாறு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. முதல் 10 ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம் என்னும் நிபந்தனைகள் இந்நிலங்களுக்கு இருந்தன. ஆகவே இங்கு வகைப்பாடு என்பது பயன்பாட்டை மட்டுமன்றி, உரியவரையும் குறித்தது.

இருவேல்பட்டு காட்டும் மாற்றம்

பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் வழிகாட்டலில் 1916இல் ஆராயப்பட்ட சிற்றூர்களுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. பெருநிலக்கிழார் குடும்பமொன்றின் ஆதிக்கத்தில் இருந்த இவ்வூர் 1937, 1980களின் தொடக்கம், 2008 ஆகிய காலங்களில் மீண்டும் ஆராயப்பட்டது. அக்குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், ஊர்மக்களின் வாழ்வாதாரத்தில் வேளாண்மை சாராத வேலைகள் பெருகியதையும் இம்மறு ஆய்வுகள் பதிவுசெய்கின்றன. நிலத்தை விட்டு உழைப்பு விலகும் இச்சூழலே மனைச்சந்தைக்கும் களம் அமைக்கிறது எனக் கருத இடமுண்டு.

1971: இரு சட்டங்கள்

1971இல் தமிழ்நாட்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. குடியிருப்பு அனுபோகதாரர்கள் சட்டம், வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உடைமையாக்கியது. நகர் ஊரமைப்புச் சட்டம், நிலப்பயன்பாட்டைத் திட்டமிடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. முன்னது ஊரகக் குடியிருப்பை உழைப்பாளரின் உரிமையாகக் கண்டது. பின்னது அதனை நிலப்பயனின் ஒரு வகையாகக் கண்டது. ஒரே ஆண்டில் பிறந்தும் இவ்விரு பார்வைகளும் இணையவில்லை.

மனைப்பிரிவுகளும் வரன்முறையும்

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகளும், திட்டப்பகுதிக்கு வெளியே வேளாண் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் வெளியாயின. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெற வழி ஏற்பட்டது. இந்நடைமுறை முழுவதிலும் அரசு உரையாடுவது பட்டாதாரருடன் மட்டுமே. நிலம் மனையாகும்போது வேலைநாளை இழக்கும் கூலியாளும், வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் இழக்கும் பக்கத்து வயல்காரரும் அதில் இடம்பெறுவதில்லை.

பஞ்சமி நிலத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1980களின் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய 'அ' பதிவேட்டைப் பாராமல், இன்றைய பட்டாவை மட்டும் கொண்டு ஒரு நிலத்தின் ஒப்படை நிபந்தனையை உறுதிசெய்ய இயலாது. நிலம் பல மனைகளாகப் பிரிந்து பலர் கைக்குச் சென்றபின் மீட்பு பெரிதும் கடினமாகிறது.

முடிவுரை

1892இன் வகைப்பாடு நிலமற்றோரைச் சிறுசாகுபடியாளராக்க முயன்றது. 2017இன் விதிகள் நிலத்தின் பயனை மட்டும் கருதுகின்றன. முன்னதில் இருந்த 'யாருக்கு' என்னும் வினா பின்னதில் இல்லை. பயன்மாற்ற அனுமதிக்கு முன் பழைய பதிவேட்டைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்குவது, அவ்வினாவை மீண்டும் எழுப்பும் முதற்படியாக அமையும்.