அடிமைக் கப்பலும் அகராதியும்

ஒரு மொழி அச்சேறும்போது அதனைப் பேசும் மக்களின் வாழ்வும் மாறுகிறது. அம்மாற்றம் முழுவதும் ஆக்கமாகவே அமைந்துவிடுவதில்லை. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் சாமுவேல் அஜயி கிரௌதர்.

1809ஆம் ஆண்டளவில் ஒஷோகுன் என்னும் ஊரில் பிறந்த அஜயி, 1821இல் ஊர் சூறையாடப்பட்டபோது சிறைபிடிக்கப்பட்டார். பலர் கைமாறி விற்கப்பட்டு, இறுதியில் போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டார். 1822இல் பிரித்தானியக் கடற்படை அக்கப்பலை இடைமறித்து, அதிலிருந்தோரைச் சியரா லியோனில் கரைசேர்த்தது. அங்கே சர்ச் மிஷனரி சங்கத்தாரிடம் கல்வி கற்ற அஜயி, 1825இல் திருமுழுக்குப் பெற்றுக் கிரௌதர் ஆனார். 1843இல் இலண்டனில் குருப்பட்டம் பெற்றார். யொரூபா மொழிக்கு அவர் தொகுத்த சொற்றொகுதி அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

1846இல் சமயப் பணிக்காக அபேயொகுட்டா சென்ற கிரௌதர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தம் தாய் அஃபாலாவை அங்கே கண்டார். 1848இல் அவ்வூரில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றோருள் அத்தாயும் ஒருவர். கிரௌதரைப் பொறுத்தவரை யொரூபா ஆய்வுக்குரிய மொழி மட்டுமன்று; இழந்து மீண்டும் பெற்ற தாயின் மொழி.

யொரூபாவில் ஒலியின் ஏற்ற இறக்கமே பொருளை வேறுபடுத்தும். 'ஒக்கோ' என்னும் ஒரே வடிவம் ஒலிப்புக்கேற்பக் கணவன், மண்வெட்டி, படகு எனப் பொருள்தரும். இந்நுட்பத்தை இலத்தீன் எழுத்துகளில் பதிவுசெய்ய மேற்குறிகளும் அடிப்புள்ளிகளும் தேவைப்பட்டன. கிரௌதர் நாட்டு மக்களின் பேச்சிலிருந்து சொற்களையும் பழமொழிகளையும் திரட்டினார். அவருடைய இலக்கணமும் விரிந்த சொற்றொகுதியும் 1852இல் வெளிவந்தன. பலர் துணையுடன் நிகழ்ந்த விவிலிய மொழிபெயர்ப்பு 1884இல் நிறைவெய்தியது. இடையில், 1859இல், அபேயொகுட்டாவில் 'இவே இரோஹின்' என்னும் யொரூபா இதழும் தோன்றியிருந்தது.

மொழிபெயர்ப்பில் கிரௌதர் மேற்கொண்ட சொல்தேர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடவுளைக் குறிக்க, வானுக்கு உரியவர் எனப் பொருள்படும் 'ஒலொருன்' என்னும் யொரூபாப் பெயரையே ஏற்றார். குருவைக் குறிக்க இசுலாமியரிடையே வழங்கிய 'அலுஃபா' என்னும் சொல்லைத் தயங்காது எடுத்தாண்டார். ஆனால் பிசாசைக் குறிக்க அவர் கொண்ட சொல் 'எஷு'. எஷு, யொரூபாச் சமயத்தில் நாற்சந்தியில் உறையும் தெய்வம்; மாந்தர் இடும் பலியைப் பிற தெய்வங்களிடம் சேர்ப்பிக்கும் தூதுவன். வழிபடப்பட்ட தெய்வம் ஒரு சொல்லாட்சியால் தீமையின் உருவாயிற்று. பாட்டனின் வழிபாடு பேரனுக்குப் பேய்வழிபாடாகத் தோன்றலாயிற்று. இல்லங்களும் இதற்கு விலக்காகவில்லை. மனைவியர் பலரை உடைய ஆடவருக்குத் திருமுழுக்கு மறுக்கப்பட்டது.

1864இல் கிரௌதர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். ஆப்பிரிக்கத் திருச்சபையை ஆப்பிரிக்கரே நடத்துதல் வேண்டும் என்ற கொள்கையுடைய ஹென்றி வென், அவருக்குத் துணைநின்றார். 1873இல் வென் மறைந்தபின் காலம் மாறியது. பேரரசுச் செருக்கு மிகுந்த அக்காலத்தில் வந்த இளம் ஐரோப்பிய ஊழியர்கள், 1890இல் கிரௌதரின் ஆப்பிரிக்கத் துணைவர் பலரைப் பணியினின்று நீக்கினர். எண்பது கடந்த பேராயர் மனம் நொந்து குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31இல் மறைந்தார். அவரிடத்தில் ஐரோப்பியர் ஒருவரே அமர்த்தப்பட்டார். அவ்வாண்டிலேயே இலாகோசில் ஆப்பிரிக்கர் தாமே நடத்தும் தனித் திருச்சபை எழுந்தது.

அச்சங்கம் மனிதரை அவமதித்தது. எனினும் அவர் அச்சேற்றிய மொழி அதன் பிடிக்குள் அடங்கவில்லை. மிஷன் பள்ளி ஆசிரியரான டி. ஓ. ஃபகுன்வா, தெய்வங்களும் ஆவிகளும் உலவும் கானகத்தைக் களமாகக் கொண்டு யொரூபாவில் ஒரு நாவல் எழுதினார். 1938இல் அதனை வெளியிட்டது சர்ச் மிஷனரி சங்க அச்சகமே. 1968இல் வோலே சோயிங்கா அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

எஷுவைப் பிசாசினின்று விடுவிக்க வேண்டுமென்று யொரூபா அறிஞர் பலர் இன்றும் வாதிட்டு வருகின்றனர். அவர்கள் வாதிடும் அம்மொழிக்கு அகராதி தந்தவரும் கிரௌதரே. ஒரு மொழிக்கு வாழ்வளித்த கையே அம்மொழியில் ஒரு தெய்வத்திற்குத் தீராப் பழியையும் எழுதிச் சென்றது. சொல்லைத் தேர்வதே தொழிலாகக் கொண்டோர் இவ்வரலாற்றை மறத்தல் ஆகாது.