கோம்பை நாய்

கோம்பை நாய் தென்தமிழ்நாட்டின் நாட்டு நாயினங்களுள் ஒன்று. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது. மாட்டுக் காவல், வீட்டுக் காவல், காட்டுப்பன்றி வேட்டை ஆகியவற்றுக்கு வளர்க்கப்பட்டது. பரவலாக அறியப்பட்ட கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நான்கு இனங்களும் தென்தமிழ்நாட்டின் மலையடிவாரத்தையும் கரிசல் காட்டையும் சேர்ந்தவை.

தோற்றம்

ஏறத்தாழ 2 அடி உயரமும் திரண்ட தசைக்கட்டும் உடையது. குட்டை மயிர், செம்பழுப்பு நிறம், முகவாய் கறுத்திருக்கும். அகன்ற நெஞ்சும் வலுவான தாடையும் இதன் அடையாளங்கள். ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்டு முயல் விரட்டும் சிப்பிப்பாறையிலிருந்து இதை எளிதில் பிரித்தறியலாம். வளர்ப்பவரிடம் ஒட்டுதல் மிகுதி; அயலாரை அண்டவிடாது. அதனால் குட்டியிலேயே ஆட்களோடு பழக்குவது அவசியம்.

வரலாறு

கோம்பை ஊர் பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையம், பின்னர் ஜமீன். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இப்பகுதியில் மலைமாடுகளைக் காட்டுக்கு ஓட்டிச் சென்று மேய்ப்பது பழைய வழக்கம். கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இவ்வட்டாரத்தின் மாட்டு மரபுக்குச் சான்று. மாட்டுப் பொங்கலன்று மக்கள் அங்கே திரண்டு வழிபடுகின்றனர்.

மலைக்காட்டு மேய்ச்சலில் சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றால் ஆபத்து உண்டு. அங்கே மந்தையை வளைத்து ஓட்டும் நாயைவிட, ஆபத்தை முகர்ந்து குரைத்து எதிர்த்து நிற்கும் நாயே வேண்டியிருந்தது. மந்தை நாய்களில் இவ்விரு வகையும் உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் உருவான பார்டர் கோலி ஆடுகளைத் திருப்பி நடத்தும் நாய். இமாச்சலத்தின் கத்தி இடையர்களுடன் செல்லும் கத்தி நாய் மந்தையைக் காக்கும் நாய். கோம்பை இவற்றுள் இரண்டாம் வகைக்கு நெருக்கமானது.

தொழில் மாற்றம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2021இல் இம்மலைப் பகுதியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பின்னர் அதைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு உரியதாகச் சுருக்கியது. இவ்வாறு வேட்டை ஒழிந்து மேய்ச்சலும் குறுகியதால், வீட்டையும் தோட்டத்தையும் காப்பதே இந்நாயின் முதன்மை வேலையாயிற்று.

பாதுகாப்பு

அயல்நாட்டு நாய்கள் மீதான மோகமும் கட்டுப்பாடற்ற கலப்பும் நாட்டு இனங்களைக் குறைத்தன. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவை ஏற்படுத்தியது. கோம்பை உள்ளிட்ட நாட்டினக் குட்டிகள் அங்கு வளர்க்கப்பட்டு விற்கப்பட்டன. எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் வெளியான தம் ஆங்கில நூலில் இந்திய நாயினங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார். 2020 ஆகஸ்ட் மாத மனதின் குரல் வானொலி உரையில் பிரதமர் நரேந்திர மோடி கோம்பையையும் குறிப்பிட்டு, நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார்.

செம்பழுப்பு நிறமும் கறுத்த முகவாயும் கொண்ட நாய்களெல்லாம் கோம்பை ஆகிவிடுவதில்லை. தாய் தந்தையின் வழியை எழுதிவைத்து வளர்ப்பதே இவ்வினத்தைக் கலப்பின்றிக் காக்கும் வழி.